செல்லத்துரையின் நாடி நோட்டு

ஜூன் 10, திங்கள்

இருபத்தேழு வருடம் அரசு மாணவியர் விடுதியில் வார்டனாக இருந்தவளுக்கு நோட்டுப் போடுவது புதிதல்ல. பால் வந்த நேரம், பருப்பு தீர்ந்த நாள், எந்தப் பிள்ளைக்கு நிஜக் காய்ச்சல், எது பரீட்சைக்குப் பயந்து போர்வைக்குள் கிடக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆயிற்று. இப்போது எழுதுவதற்கு ஒரே ஒரு ஆள்தான், என் தம்பி செல்லத்துரை. வயது ஐம்பத்திரண்டு. மின்வாரியத்தில் லைன்மேன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பதினாலு வருடம். ஒரே மகள் பெனிட்டா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பாளையங்கோட்டை வீட்டில் அவனும் நானும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் ரத்த வாந்தி எடுத்தான். ஒரு செம்பு அளவு இருக்கும். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயின் உள்பக்கம் ரத்தக்குழாய்கள் புடைத்துப் போயிருக்கின்றன, அதில் ஒன்று வெடித்துவிட்டது என்றார்கள். கல்லீரலுக்குள் போக வேண்டிய ரத்தத்துக்கு வழி இறுகிப்போனதால் அது வேறு பாதையில் முட்டுகிறதாம். வெடித்த இடத்தில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார்கள். இன்று வீட்டுக்கு வந்தாயிற்று.

கிளம்பும் முன் டாக்டர் நசீமா எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் உட்கார வைத்து விளக்கம் சொன்னார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கதவோரம் டோக்கனோடு நின்ற ஒரு பெரிய மனிதர் பக்கத்து ஆளிடம், "கல்லீரல் கேஸா? எத்தன வருசக் குடியோ!" என்றார். சும்மா விடுவேனா? "ஞாயித்துக்கிழமை திருவிருந்துல குடுக்கிற ஒரு மடக்குத் திராட்சரசம் தவிர அவன் வாயில ஒண்ணும் பட்டதில்ல, கேட்டீரா! டாக்டரம்மாவே சொல்லிட்டாவ, குடிக்காதவனுக்கும் இது வரும்னு!" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத் திரும்பினால், டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"என்னல சொன்னாவ?" என்று துரையிடம் கேட்டேன்.

"ரெண்டு வேளை மாத்திரை. நாடி அம்பத்தஞ்சுலருந்து அறுவதுக்குள்ள நிக்கணுமாம். தெனமும் எண்ணி இந்த அட்டையில எழுதணும். எதுன்னாலும் போன் பண்ணச் சொன்னாவ. அவ்வளவுதான்க்கா."

அட்டையில் சின்னச் சின்னக் கட்டங்கள். அதை பீரோவில் வைத்துவிட்டேன். தினமும் இந்த நோட்டில் எழுதுகிறேன், போகிற அன்றைக்கு அட்டையை மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம். விடுதியில் எல்லாப் பதிவேடும் தணிக்கைக்கு முந்தின நாள்தான் பூர்த்தியாகும்.

நாடி 82.

ஜூன் 13, வியாழன்

நாடி 74. கத்தரிக்காய்க் குழம்பில் உறைப்பைக் குறைத்தேன். தட்டைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஜூன் 19, புதன்

நாடி 68.

இன்று வேலைக்குப் போனான். ஆபீசில் வயிற்றுப் புண் என்று சொல்லியிருக்கிறானாம். ஏன் பொய் என்று கேட்டேன். "கல்லீரல்னு சொன்னா, நேத்து வரைக்கும் ஒளிஞ்சு குடிச்சிருக்கான்னுதான் பேசுவானுவ" என்றான். அதுவும் சரிதான். முப்பது வருடம் ஒரு டீயைக்கூடக் கடன் சொல்லிக் குடிக்காதவன். அவன் பெயரில் ஒரு சொல் விழுந்தால் நான் தாங்கமாட்டேன்.

பெனிட்டா போன். "மாத்திரை ஒழுங்காப் போடுதாவளா அத்தை?" என்றாள். நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

ஜூன் 24, திங்கள்

இரண்டாவது தடவை வளையம் போட்டார்கள். நாடி இன்னும் அறுபதுக்கு மேல் இருப்பதால் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார் டாக்டர். ஒரு வேளைக்கு நாற்பது மில்லிகிராம். அடுத்து வர வேண்டியது ஆகஸ்ட் ஐந்து. இந்தத் தடவையும் எனக்கு விளக்கம் கேட்க நேரமில்லை. மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றேன்.

ஜூலை 3, புதன்

நாடி 57. கை ஜில்லென்று இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் தூங்கிவிடுகிறான். ஞாயிறு பிரசங்கத்தில் தூங்கினான், அது எப்போதும் தூங்குகிறதுதான். ஆனால் பாட்டு வேளையிலும் தூங்கினான்.

ஜூலை 9, செவ்வாய்

நாடி 55.

இன்று என் உயிர் போய் வந்தது.

நாளை மறுநாள் அம்மன் கோயில் தேர். ரத வீதியில் குறுக்கே போகிற கம்பியெல்லாம் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேர் உச்சியில் தட்டும். வருடா வருடம் துரைதான் மேலே ஏறுவான். வேதக்காரன் கம்பி அவிழ்த்தால்தான் எங்க அம்மன் நகருவாள் என்று ரத வீதிக்காரர்கள் கிறிஸ்தவனான அவனைக் கேலி செய்வது உண்டு. இன்றும் ஏறியிருக்கிறான். மேலே போனதும் கண் இருட்டி, போஸ்ட்டைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டானாம். இடுப்புக் கயிறு இருந்ததால் பிழைத்தான். கூட வேலை பார்க்கும் இசக்கிதான் ஏறிப்போய் இறக்கிக் கூட்டிவந்திருக்கிறான்.

"காலையில சாப்பிடாம வந்துட்டார் போல. நாலு இட்லி கூட வச்சுக் குடுங்கக்கா" என்றான் இசக்கி. நான் கொடுத்த ஆறு இட்லி எங்கே போயிற்று என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அவன் போனதும் துரையைப் பிடித்தேன்.

"எத்தன நாளா இப்படி வருது?"

"எந்திரிச்சு நிக்கும்போது லேசா வருதுக்கா. ஒண்ணுல்ல."

"ஒண்ணுல்லாததுக்கா போஸ்ட்டக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன?"

சட்டையைக் கழற்றி மாட்டினான்.

ஜூலை 10, புதன்

தெருமுனை மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டேன். பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். "இவங்களுக்கு எதுக்குக் குடுத்திருக்காங்கன்னு டாக்டரைத்தான்க்கா கேக்கணும்" என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து என் மெஷினில் துரைக்குப் பிரஷர் பார்த்தேன். நூறு, அறுபத்துநாலு. பிரஷரும் இல்லை, படபடப்பும் இல்லை. புடைத்த குழாய்க்குத்தான் இரண்டு தடவை வளையம் போட்டாயிற்றே. பிறகு எதற்கு இத்தனை மாத்திரை?

டாக்டருக்குப் போன் பண்ணலாம் என்று நினைத்தேன். பண்ணினால், கரண்டுக் கம்பத்தில் ஏறுகிற வேலை என்பது தெரியவரும். உடனே ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதுவார்கள். அப்புறம் ஊருக்கே கல்லீரல்.

ஜூலை 11, வியாழன்

தேர் நல்லபடியாக நிலைக்கு வந்துவிட்டது. துரையை ஏற விடவில்லை, கீழே நின்று வேலை வாங்கினான்.

மாத்திரையை இன்று முதல் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். காலையில் அரை, மாலையில் அரை. விடுதியில் இரும்புச்சத்து மாத்திரை எந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதற்கு நான் அரைதான் கொடுப்பேன். எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை.

நாடி 60.

ஜூலை 15, திங்கள்

நாடி 66. தலைசுற்றல் இல்லை. கையில் சூடு வந்திருக்கிறது.

ஜூலை 20, சனி

நாடி 71. இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டில் விசில் சத்தம். குளித்துவிட்டு வரும்போது கீர்த்தனையை விசிலடித்துக்கொண்டே வந்தான். நெத்திலிக் கருவாடு வறுத்தேன். இரண்டு தடவை சோறு வாங்கினான்.

"ஆள் தேறிட்டல" என்றேன்.

"நீ தேத்திட்ட" என்றான்.

ஜூலை 27, சனி

நாடி 76. நன்றாகத் துள்ளுகிறது. டாக்டர் சொன்னது அறுபது. ஆனால் ஐம்பத்தைந்தில் அவன் எப்படி இருந்தான், எழுபத்தாறில் எப்படி இருக்கிறான் என்று பார்க்கிறவள் நான்.

ஜூலை 31, புதன்

நாடி 78. அடுத்த திங்கள் ஆஸ்பத்திரி. ஞாயிறு சாயங்காலம் அட்டையை நிரப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று எழுதவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தான். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, மோர் மட்டும் போதும் என்றான். மோர் எடுத்து வருவதற்குள் அடுக்களை வாசலில் வந்து நின்றான். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தமாக வந்தது. போன தடவை போல ஒரு செம்பு இல்லை. நிற்கவே இல்லை. என் சேலையெல்லாம் ரத்தம். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "யக்கா, கேஸ அணச்சியா?" என்று கேட்டான். அணைக்கவில்லை. அணைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். ஒன்றில் ரத்தம். இன்னொன்றில், வயிற்றுப் பக்கத்து ரத்தக்குழாய்களைச் சுருக்குகிற மருந்து. அது ஏற ஏற அவன் முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த மருந்துதான் குழாயைப் பிடித்து நிறுத்துகிறது என்று நர்ஸ் சொன்னார். அப்புறம் உள்ளே கொண்டுபோய்ப் புதிதாக நாலு வளையம் போட்டார்கள். ரத்தம் நின்றது. ஐந்து நாள் சொட்டு மருந்து ஓட வேண்டும்.

இன்று காலை டாக்டர் நசீமா வந்து அவன் கட்டிலருகே நின்று கேட்டார். "மாத்திரை ஏதாவது விட்டீங்களா?"

துரை என்னை ஒரு தடவை பார்த்தான். "ஒண்ணு விடல டாக்டர். ரெண்டு வேளையும் போட்டேன்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் கொடுத்ததை ஒன்று விடாமல்தான் போட்டான்.

"நாடி எழுதின அட்டை வேணுமே அம்மா" என்று என்னிடம் கேட்டார். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பெனிட்டா விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். அவளை அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்து, அட்டையை நிரப்பினேன். 57, 58, 56, 59, 57. நடுவில் ஒரு 61, ஒரு நாள் வெற்றிடம். எல்லாம் ஒரே சீராக இருந்தால் தணிக்கைக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். பாதிக்கு நீலப் பேனா, பாதிக்குக் கறுப்பு.

டாக்டர் வாங்கிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதறதில்லை" என்றார். பக்கத்தில் நின்ற பெனிட்டா என் தோளில் கை வைத்தாள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வந்த ரத்தம் வந்துவிட்டது. இனிமேல் முழு மாத்திரை கொடுக்கப்போகிறேன். பழி சுமந்து என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அட்டைக்கு அர்த்தம் இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் நசீமா பெனிட்டாவையும் என்னையும் கூப்பிட்டார். இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குடலிலிருந்து ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிற பெரிய குழாய். அதற்குள் அழுத்தம். கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது வேறு. இதை வெளியிலிருந்து அளக்க வீட்டில் மெஷின் கிடையாது. மாத்திரை இதயத்தை மெதுவாக ஓடவிட்டு, குடல் பக்கம் போகிற ரத்தத்தைக் குறைத்து, அந்த அழுத்தத்தை இறக்குகிறது. நாடி ஐம்பத்தைந்து அறுபதில் நின்றால் மாத்திரை போதுமான அளவு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வார்களாம். அதற்குத்தான் அட்டை.

"அப்பாவுக்கு நாடி ரொம்ப நல்லாப் படிஞ்சிருக்கு" என்று அட்டையைப் பெனிட்டா பக்கம் திருப்பினார். "மருந்து முழுசா வேலை செஞ்சு, வளையமும் போட்டு, அப்படியும் இவ்வளவு ரத்தம் வந்திருக்கு. அப்ப இவருக்கு மருந்து போதாதுன்னு அர்த்தம். இதுக்கு மேல காத்திருக்க முடியாது. ரத்தத்தை வேற வழியில திருப்பி விடற ஆபரேஷன்தான். மதுரைக்கு எழுதித் தர்றேன். வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போங்க."

"ஆபத்து உண்டா டாக்டர்?" என்றாள் பெனிட்டா.

"பெரிய ஆபரேஷன்மா. ஆபத்து இல்லைன்னு சொல்ல மாட்டேன். இவர் உடம்புல ரத்தமே கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா மருந்து கைவிட்ட பிறகு வேற வழி இல்லை."

மருந்து கைவிட்ட பிறகு. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பெனிட்டா மதுரைக்கு வண்டி பேசப் போயிருந்தாள். துரைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

"யக்கா, ஆபரேஷன்ல எதாச்சும் ஆயிட்டுன்னா பெனிட்டாவ நீ விட்டுராத. அவளுக்குக் கோவம் சாஸ்தி. உனக்கும் சாஸ்தி. நீதான் பொறுத்துப் போணும்."

"வாய மூடிட்டுக் கஞ்சியக் குடி."

"குடிக்கேன். சொன்னத மனசுல வச்சுக்கோ."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கேட்டேன். "துரை, டாக்டர் கேட்டப்ப என்னை எதுக்குல பாத்த?"

"நீ அரையாக் குடுத்தது எனக்குத் தெரியாதாக்கா? கையில வாங்கி வாயில போடுதவனுக்கு முழுசும் அரையும் தெரியாதா? மொத நாளே தெரியும். தலசுத்து நின்னுது. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன்."

"பொறவு ஏம்ல டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா பெனிட்டா உன்ன வீட்டுல வச்சுப் பாப்பாளா? எனக்கு அறுத்தா அறுத்துட்டுப் போறாவ. தையல் போட்டா சரியாயிரும்."

தையல் போட்டால் சரியாகிவிடுமாம். அவனுக்கு நான் ஒன்பது வயது மூத்தவள். அம்மா வயல் வேலைக்குப் போன நாளெல்லாம் இடுப்பில் வைத்துத் திரிந்தவள் நான். என்னைக் காப்பாற்ற வயிற்றைக் கொடுக்கிறேன் என்கிறான். நான் வராந்தாவுக்கு வந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

எனக்கு என்ன பயம் என்று இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். விடுதியில் பெற்ற பிள்ளை போலப் பார்த்த நூற்றிருபது பேரில் ஒருத்தியும் இன்று எனக்கு இல்லை. இந்த ஊரில், இந்த உலகத்தில், என் கையால் சோறு வாங்கித் தின்ன அவன் ஒருத்தன்தான் இருக்கிறான். உண்மையைச் சொன்னால் பெனிட்டா அவனை என்னிடம் விடமாட்டாள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மதுரை.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலை பத்து மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். பெனிட்டாவையும் கூட வரச் சொன்னேன். அவள் இல்லாமல் சொல்லிவிட்டு வந்தால் பிறகு பாதியைத்தான் அவளிடம் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

"அட்டை பொய் டாக்டர்" என்றேன். "அது ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல எழுதினது. நிஜம் இதுல இருக்கு." இந்த நோட்டை மேஜையில் வைத்தேன்.

டாக்டர் ஜூலை மாதத்தைத் திறந்து, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போனார். 57. 55. 60. 66. 71. 76. 78. ஜூலை பதினொன்றில் பேனா நின்றது. இரண்டு தடவை படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"எதனால குறைச்சீங்க?"

போஸ்ட், தலைசுற்றல், தேர், மருந்துக் கடை, என் பிரஷர் மெஷின், ஆபீசில் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். கத்தியை வைத்து மாத்திரையை நறுக்கியதையும் சொன்னேன்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"தலை சுத்தினது நிஜம்மா. அளவு அவருக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் இருந்திருக்கு. நீங்க கவனிச்சதுல தப்பே இல்லை. அன்னிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே கொஞ்சம் குறைச்சிருப்பேன், இல்ல வேற மாத்திரைக்கு மாத்தியிருப்பேன். போஸ்ட்டுல ஏறக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருப்பேன். வளையத்தையும் சீக்கிரம் போட்டிருப்பேன்." நோட்டை மூடினார். "ஒரு போன்."

"ஆபரேஷன்?" என்றாள் பெனிட்டா. அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இப்ப வேண்டாம். மருந்து தோத்துப் போகலை, மருந்து முழுசாப் போகவே இல்லை. மதுரைக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். சொட்டு மருந்து முடிஞ்சாச்சு, இனி வேற மாத்திரை, சின்ன அளவுல தொடங்கிப் பாப்போம். அப்பவும் வந்தா அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்."

வெளியே வந்ததும் பெனிட்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்கம்மா போனப்ப என்ன உங்க கையில குடுத்தாவ. நான் எங்கப்பாவ உங்க கையில குடுத்துட்டுப் போனேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஒரு வார்த்தை பேசியிருப்பேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வீட்டுக்கு வந்தோம். புது மாத்திரை. பெனிட்டாவே கொடுக்கிறாள், நாடியையும் அவளே எண்ணுகிறாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இனிமேல் இந்த நோட்டில் நாடி எழுதுவதில்லை.

துரை ஆபீசுக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லிவிட்டான். மூன்று மாதம் மருத்துவ விடுப்பு. அதன் பிறகு தரையில் வேலையாம். இசக்கி வந்து பார்த்தான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்கள மேல ஏத்தியிருப்பமாண்ணே?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதில் குடி என்ற சொல்லே வரவில்லை. இவனுக்குப் பயந்தா இத்தனை பாடும்?

ஆகஸ்ட் 14, புதன்

பெனிட்டா அவனைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே ஒரு டாக்டருக்கு நசீமா கடிதம் கொடுத்திருக்கிறார். வளையம் போடுவதெல்லாம் அங்கேதான்.

துரைக்குச் சட்டை மடித்து வைத்தது நான். புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் அடைத்தேன், உறைப்பில்லாமல். ரயிலடியில் பெனிட்டா தண்ணீர் வாங்கப் போனபோது அவன் என் கையைப் பிடித்தான்.

"நீ சொன்னதாலதான் நான் அறுபடாம இருக்கேன்க்கா."

"நான் சொன்னதாலதான் உன்னக் கூட்டிட்டுப் போறா."

பெனிட்டா வந்ததும் கையை எடுத்துக்கொண்டோம். அவள் ஏறும்போது, "வாரேன் அத்தை" என்று சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சொன்னாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோயிலில் எல்லோரும் விசாரித்தார்கள். தம்பிக்கு நான் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தேன், அதனால் ரத்தம் வந்தது என்று சொன்னேன். ஆயர் அம்மா, "உங்க நல்ல மனசுக்கு அப்படியெல்லாம் இருக்காது" என்றார்கள். இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

துரை பேசினான். மூன்று நிமிடம். அங்கே தண்ணீர் ருசியாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாயங்காலம் ஆறரைக்குப் போன். துரையின் நம்பர் இல்லை, பெனிட்டாவின் நம்பர். போன பிறகு அவளாக அழைப்பது இதுதான் முதல் தடவை.

"அத்தை, அப்பாவுக்கு எந்திரிச்சு நின்னா கிறுகிறுன்னு வருதாம். நாடி அம்பத்துநாலு இருக்கு. இப்ப போட வேண்டிய மாத்திரையக் குடுக்கவா? இல்ல இன்னைக்கு மட்டும் பாதியாக் குடுக்கவா?"

பின்னால் துரை, "ஒண்ணுல்லட்டி, அத்தைய ஏன் பயமுறுத்துத" என்று சொல்வது கேட்டது.

பெனிட்டாவின் குரலில் கோபம் இல்லை. ஜூலை ஒன்பதாம் தேதி நான் எப்படி இருந்தேனோ அப்படி இருந்தாள். யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தாள். என் வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்று பதில்.

"எனக்குத் தெரியாது மக்கா" என்றேன். "டாக்டருக்குப் போன் போடு. இப்பவே போடு. நான் இந்த லைன்லயே இருக்கேன்."

அவள் இன்னொரு போனை எடுத்து டாக்டரிடம் பேசினாள். எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. நடுவில் நான் வாயைத் திறக்கவில்லை.